அம்மாவின் வெள்ளிக்கிழமைகள்

அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள், அத்தை ஒரு போர்வையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இதையும் பூவாடைப் பெட்டியில வெச்சிடும்மா. அண்ணி கையால தெச்சது" என்றார். செஞ்சிப் பக்கம் சுமங்கலியாகப் போன பெண்களைப் பூவாடைக்காரியாகக் கும்பிடும் வழக்கம் உண்டு. அவர்கள் நினைவாகப் புடவையைப் பெட்டியில் வைத்துக் காப்போம். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் படையல் அவர்களுக்குத்தான். அம்மாவின் கூறைப்புடவையைப் பெட்டியில் வைத்துவிட்டேன். போர்வையை வைக்க மனம் வரவில்லை. ஒருவரை மறக்காமல் இருப்பது என்றால் அவர் பொருளைப் பத்திரப்படுத்துவதா, அது நைந்துபோகும்வரை புழங்குவதா?

அம்மா செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் நூலகராக வேலை பார்த்தாள். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று மத்தியானம் திண்ணையில் பாய் விரித்து, கட்டிக் கட்டி மெத்தென்றாகிவிட்ட நூல்புடவைகளை நாலு மடிப்பாக அடுக்குவாள். மூலைக்கொரு கல். தையலை நடுவிலிருந்துதான் தொடங்குவாள். ஓரத்தில் தொடங்கினால் உள்துணி சுருண்டு ஒதுங்கிவிடுமாம். மேலே எங்கள் பாவாடை, அப்பாவின் லுங்கி எல்லாம் சதுரம் சதுரமாக ஏறும். விளக்கு வைப்பதற்குள் ஊசியை எடுத்து வைத்துவிட வேண்டும். வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர் என்றும், நம்முடைய 'கந்தை' அதற்கு உறவு என்றும் அவள்தான் சொன்னாள்.

தையல் விட்ட நூலகப் புத்தகங்களும் அதே திண்ணைக்கு வரும். மைதாப் பசை காய்ச்சி ஒட்டுவாள். கிழித்துவிட்டார்களே என்று ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. அவளை வருத்தியது கசங்காத புத்தகம்தான். "வருஷக்கணக்கா பளபளன்னு அலமாரியிலயே இருக்குது பாரு, யாரும் சாப்பிடாத சோறு மாதிரி" என்பாள். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு. "வரி கட்டறவங்க புத்தகம். தொடாதேன்னு சொல்ல நான் யாரு?" தொலைந்தவற்றுக்குக் கைக்காசு போட்ட மாதங்கள் உண்டு.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவதே, புத்தகம் பயன்பட வேண்டும் என்பதுதான். ஐரோப்பாவில் ஒருகாலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்தார்கள் என்பதையும் அவர் அங்கே பேசுகிறார். அந்தச் சங்கிலிக் கதையை அம்மா சொல்லப் போர்வைக்குள் படுத்தபடி எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறேன்.

ஆனால் எட்டாம் வகுப்பில் எனக்குப் பரிசாகக் கிடைத்த புத்தகத்தை, நான் படித்து முடித்ததும் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாள். கேட்கக்கூட இல்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சில மாதம் கழித்து என்னை அழைத்துப்போய் அதன் தேதிச் சீட்டைக் காட்டினாள். பதினோரு முத்திரைகள். அன்றைக்கும் எனக்குக் கோபம் தீரவில்லை. அவள் கேட்டிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பத்திரப்படுத்துவதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, நம் செஞ்சியும் அதில் இருந்தது. ராஜகிரிக் கோட்டையை அண்ணாந்து பார்த்து, அம்மா இல்லையே என்று அழுதேன். மேல்சித்தாமூர் சமண மடத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஓலையை எடுத்துத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். பழுதாகும் முன் புது ஓலையில் பெயர்த்தெழுத வேண்டும். தலைமுறை தலைமுறையாக யாரோ அவற்றைப் பிரித்துப் புழங்கியிருக்கிறார்கள்.

போன மார்கழியில் போர்வையை என் மகளுக்குப் போர்த்தினேன். தை பிறப்பதற்குள் ஒரு மூலை பிரிந்துவிட்டது. உள்ளே இளம்பச்சைத் துணி தெரிந்தது. அம்மா நூலகத்துக்குக் கட்டிப் போகும் சுங்குடிப் புடவை. எப்போதோ கிழிந்து எறிந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

அத்தையிடம் காட்டினேன். பெட்டியில் வைக்கவில்லையே என்று கோபிப்பார் என்று பயந்தேன். வெகுநேரம் அந்தப் பச்சையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குக் கண்ணு தெரியல. ஊசியில நூலைக் கோத்துக் குடு. விளக்கு வைக்கறதுக்குள்ள தெச்சிடறேன்" என்றார்.