கப்பலுக்கும் நன்றிக்கடன் உண்டோ?

நன்றி மனிதருக்கு மட்டுமே உரியதா, நமக்கு உழைத்த கருவிக்கும் உரியதா? இவ்வினாவை ஒரு கப்பலின் வரலாறு நம் முன் வைக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை, பகைவர் கரையில் படைவீரரை இறக்குவதற்கென்றே தனிவகைக் கப்பல்களை நடத்தியது. கரைக்கு அப்பால் அவை நங்கூரமிடும். வீரர்கள் பக்கவாட்டில் தொங்கும் கயிற்று வலைகளைப் பற்றி இறங்கிச் சிறு படகுகளில் ஏறுவர். அவர்களைக் கரைசேர்த்த படகுகளே காயமுற்றோரைச் சுமந்து கப்பலுக்கு மீளும்.

அவ்வகையில் ஒன்றான 'கில்லியம்' 1944 ஆகஸ்டு 1 அன்று பணியேற்றுப் பசிபிக் போரில் உழைத்தது. 1945இல் போர் ஓய்ந்தது. 1946 ஜூலை 1 அன்று, மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினியில், அணுகுண்டுச் சோதனைக்கு இலக்காக நிறுத்தப்பெற்ற கப்பல்களுள் கில்லியமும் நின்றது. குறி வைத்தது 'நெவாடா' என்னும் பெரும் போர்க்கப்பலுக்கு. குண்டோ ஏறத்தாழ 650 மீட்டர் விலகிக் கில்லியத்தின் அருகே வெடித்தது. நெவாடா மிதந்தது, கில்லியம் மூழ்கியது. அதன் வாழ்வு, பணியேற்ற நாளிலிருந்து ஈராண்டுகூட நிறையவில்லை.

இது நன்றிகேடா? அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்த தட்டச்சுப் பொறியைப் 'பயனற்றது' எனப் பதிவேட்டில் எழுதிக் கழிக்கிறோம். அதற்காக எவரும் வருந்துவதில்லை. கருவிக்கு நோவில்லை, நம்பி ஏமாறும் நெஞ்சமும் இல்லை. ஆகவே கப்பலை அழித்ததை அறக்கேடு என்று துணிந்துரைக்க இயலாது.

ஆயின் கருவியைக் கணக்கிடும் கண்ணாலேயே மனிதரையும் கணக்கிடும்போது அறம் பிழைக்கிறது. பிகினியில் வாழ்ந்த 167 பேர், மனிதகுல நன்மைக்காக என்று கேட்டுக்கொள்ளப்பட்டு, 1946 மார்ச்சில் தீவை விட்டகன்றனர். விரைவில் மீள்வோம் என்றே நம்பினர். பல்லாண்டுகள் கழித்துத் திரும்பிக் குடியேறியவர்களும் கதிரியக்கத்தின் காரணமாக 1978இல் மீண்டும் வெளியேற்றப்பட்டனர். பிழைப்பு நாடி வெளிமாநிலம் வந்த நமக்கு, விடுமுறைக்கேனும் திரும்புவதற்கு ஓர் ஊருண்டு. அவர்களுக்கு அதுவும் இல்லாமற்போயிற்று.

2010இல் பிகினி, மூழ்கிய கப்பல்களோடு உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்களுக்கு நினைவிடம் வாய்த்தது; குடிகளுக்கு ஊர் வாய்க்கவில்லை.

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கெனத் தனியோர் அதிகாரமே வகுத்தார். பிறர் நலத்திற்காகத் தம் மண்ணையே நீங்கியவர் செய்த உதவியினும் பெரிது எது? இறக்கிவிட்ட வீரரை மீட்டுவரப் படகு வைத்திருந்தது அக்கப்பல். 'பொதுநன்மைக்காக விலகுக' என்று ஒருவரிடம் கேட்போர், அவர் திரும்பும் வழிக்கும் பொறுப்பேற்றல் வேண்டும். அப்பொறுப்பை ஏற்காதவர்க்கு அவ்வாறு கேட்கும் உரிமையில்லை என்பதே நம் துணிபு.