எல்லைக் கல்லும் ஏக உலகமும்



சொந்த ஊரை நேசிப்பவன், தேசங்களுக்கெல்லாம் மேலான ஓர் உலக அதிகாரத்தை விரும்பலாமா? அது தாய்நாட்டுக்குத் துரோகமாகாதா? விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். நம் திருத்தணியே போதும்.

1953-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் உதயமானபோது, சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அதில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானமும் தமிழரசுக் கழகத்தாரும் வடக்கெல்லைக்காகக் கிளர்ச்சி செய்தனர், சிறையும் புகுந்தனர். தமிழர் தம் நியாயத்தைச் சொன்னார்கள். தெலுங்கரும் தம் நியாயத்தைச் சொன்னார்கள். தன் வழக்குக்குத் தானே நீதிபதியானால் எவன்தான் தோற்பான்? ஆகவே எச். வி. படாஸ்கர் மத்தியஸ்தரானார். அவர் மராட்டியர், இரு தரப்புக்கும் பொதுவானவர். 1957-ல் மத்தியப் பிரதேச கவர்னராக அமர்ந்தவரும் அவரே. ஒவ்வொரு கிராமத்தையும் தனித்தனியே எடுத்து, அங்கே பெரும்பாலோர் பேசும் மொழி எது, அந்நிலம் எதனோடு தொடர்ந்து கிடக்கிறது என்று பார்ப்பதே அவர் கொண்ட முறை. 1959-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. பதிலுக்குச் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. கேட்டதெல்லாம் எவருக்கும் கிடைக்கவில்லை. ஆயினும் எல்லையில் பீரங்கி முழங்கவில்லை.

ஏன்? இருவருக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. தேசங்களுக்கு மேலே அப்படி ஒன்று இல்லை. 1945-ல் ஐக்கிய நாடுகள் சபை பிறந்தது மெய்தான். ஆனால் அதன் பாதுகாப்புச் சபையில் ஐந்து வல்லரசுகளில் ஏதேனும் ஒன்று 'கூடாது' என்றால் தீர்மானம் செத்துப்போகிறது. பிரதிவாதியே தீர்ப்பைக் கிழித்துப் போடக்கூடிய கோர்ட்டைக் கோர்ட்டு என்போமா?

தேசபக்திக்கு இது விரோதம் என்பீரோ? 1942 ஆகஸ்டு 8-ல் 'வெள்ளையனே வெளியேறு' என்ற அதே காங்கிரஸ் தீர்மானம், சுதந்திர நாடுகளின் உலகச் சம்மேளனம் வேண்டுமென்றும் கேட்டது. திருத்தணியில் 1888-ல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனும் யுனெஸ்கோவில் இந்தியாவின் பிரதிநிதியாகப் பல வருஷம் இருந்து, உலக ஒற்றுமைக்காக உழைத்தவரே.

ஆனால் ஓர் அச்சம் நியாயமானது: தூரத்து அதிகாரம் சின்னஞ்சிறு ஊரை நசுக்கிவிடாதா? 23-ம் அருளப்பர் பாப்பரசர் 1963 ஏப்ரலில் வெளியிட்ட 'உலகில் சமாதானம்' என்னும் நிருபத்தில் இதற்கு விடை உண்டு. உலகம் முழுவதற்கும் பொது அதிகாரம் தேவை. ஆனால் அது பலவந்தத்தால் அல்ல, சகலரின் சம்மதத்தால் அமைய வேண்டும். அந்தந்த நாடு செய்யக்கூடியதை அது பறிக்கலாகாது. படாஸ்கரும் டில்லியின் வசதியைப் பாராமல் கிராமத்தையல்லவா அளவுகோலாகக் கொண்டார்! பெரிய அதிகாரம் சிறியதைக் காக்கவே இருக்க வேண்டும்.

ஆகவே வாசகரே, கேள்வி உம்மிடமே திரும்புகிறது. வரப்புத் தகராறில் ஊர்ப் பெரியவர் சொல் உமக்கு எதிராக வந்தால் ஏற்பீரா? தனக்கு எதிரான நியாயத்தீர்ப்புக்குத் தலைவணங்கும் மனம் வீட்டிலும் தெருவிலும் வளராமல், அது தேசங்களுக்குள் எங்கிருந்து வரும்?