கூழ்மருந்தும் கொல்லாமையும்

நம் அறநூல்கள் தானத்தை ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்காக வகுத்துள்ளன. நோயுற்றார்க்கு மருந்தளிப்பதும் உயிர்களுக்கு அச்சமின்மை அளிப்பதும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்தின் பெயரையே அறநூலுக்குச் சூட்டியவர்கள் நம் புலவர்கள். அம்மருந்துகள் ஏலமும் திப்பிலியும் வேருமாக இருந்தன. (வேரைத் தோண்டுவதிலும் ஊறு உண்டென்பதை அவர்கள் அறியாதவரல்லர்.) இன்றோ அவ்விரு தானங்களுக்கும் இடையே பூசல் எழுந்துள்ளது. கேப்சூலின் உறை பெரும்பாலும் ஜெலாட்டினால் ஆனது. ஜெலாட்டினோ மாடு, பன்றி முதலியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. இதை அறிந்தபின் கேப்சூலைத் தொடாத முதியோர் நம் இல்லங்களில் உளர்.

இந்நிலையில், உயிர்ப்பொருளை நாடாத நீர்க்கூழ் ஒன்றை அறிவியலார் ஆக்கியுள்ளனர். பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் சில கோத்த குறுஞ்சரம். நீரை நாடும் அமிலமும் நீரை விலக்கும் அமிலமும் மாறி மாறி வருமாறு சரத்தைக் கோத்து உப்புநீரில் இட்டால், சரங்கள் தாமே ஒன்றையொன்று பற்றி இழையாகி, இழைகள் வலையாகி, நீரைத் தம்முள் தேக்கிக் கூழாகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஷுகுவாங் ஜாங் முதலியோர், ஈஸ்ட்டின் புரதமொன்றில் கண்ட வரிசையைக் கொண்டு 1993இல் இத்தன்மையை வெளியிட்டனர். அவ்வகைக் கூழில் பெரும்பகுதி நீரே. அதில் இட்ட மருந்து சிறிது சிறிதாகக் கசியும்.

லான்ரியோடைடு என்னும் மருந்திலோ கூழ் வேறு மருந்து வேறு அன்று. எட்டே அமிலங்கள் கொண்ட அச்சரம், செறிவாக நீரில் கலந்ததும் நுண்குழல்களாகத் தானே அடுக்கிக் கூழாகிறது. வளர்ச்சிச் சுரப்பு மிகுந்து கைகால்கள் பருக்கும் நோயினர்க்கு, அமெரிக்காவில் 2007இல் இசைவு பெற்ற இதனை நான்கு வாரத்திற்கொருமுறை தோலின் கீழ் ஆழச் செலுத்துவர்.

நெய்ப்பும் வறட்சியும் காரணமாகப் பரமாணுக்கள் பிணையும் என்னும் தத்துவார்த்த சூத்திரத்தை நினைந்து, "அன்றே சொன்னார்கள்" என்று சிலர் மகிழக்கூடும். அப்பெருமிதம் வேண்டா. நமக்குரிய வினா வேறு. இக்கூழ் இம்சை நீங்கியதா?

முழுதும் நீங்கியதென்று என்னால் கூற இயலவில்லை. சரத்தை வேதியியல் முறையில் கோக்கிறார்கள். ஆனால் மணிகள் எங்கிருந்து வந்தன? அமினோ அமிலங்கள் பலவற்றை நுண்ணுயிர்களை நொதிக்கச் செய்து பெறுகின்றனர். சிஸ்டீன் என்னும் அமிலத்தைப் பறவையின் இறகிலிருந்தும் மயிரிலிருந்தும் எடுக்கும் வழக்கம் உண்டு. மேலும், புதுமருந்து எதுவும் விலங்குகளிடத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே மனிதரிடம் வருவது நெடுங்கால நடைமுறை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என்னும் நமக்கு, விலை கொடுத்து வாங்குங்கால் அச்சோதனையின் பயனையும் வாங்குகிறோம் என்பது மறைக்கத்தக்கதன்று.

ஆயினும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. ஜெலாட்டினை வாங்குந்தோறும் அடுத்த தோலுக்கும் எலும்பிற்கும் விலை சேர்கிறது. மருந்தின் சோதனையோ முன்பே நிகழ்ந்தது. அடுத்த சோதனையைத் தடுக்க நாம் குரல் கொடுக்கலாம். விலங்குச் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்த அமெரிக்கச் சட்ட வாசகம் 2022 டிசம்பரில் மாற்றப்பட்டது. நம் நாட்டு விதிகளும் 2023இல் விலங்கில்லாத மாற்றுமுறைகளுக்கு இடமளித்தன. உயிரிரக்கம் உடையோர் பலர் பல்லாண்டு இடைவிடாது கேட்டதும் இதற்கொரு காரணமாகும்.

எனவே, தேவைப்படின் கொள்ளலாம், ஆனால் "தூயது" என்று பெயரிட்டுக் கொள்ளலாகாது, பிரதிக்கிரமணத்தில் அதனையும் நினைத்தல் வேண்டும் என்பது என் கருத்து. தன்னுடல் குறித்து ஒருவர் மருந்தை விலக்குவது அவர் விரதம். மருமகளுக்கோ பேரனுக்கோ உரிய மருந்தை நம் விரதத்தின் பெயரால் தடுப்போமாயின், அங்கே அபய தானம் எங்கே? பெரியோர் சிலர் இதனை ஏற்கமாட்டார்கள். அவர்கள் எழுதினால் படிக்க ஆவலாயுள்ளேன்.

அதுவரை, மருத்துவரிடம் நாணாது கேட்கலாம்: இம்மருந்து மாத்திரையாகக் கிடைக்குமா? தாவரச் செல்லுலோஸ் உறையில் கிடைக்குமா?