புதையுண்ட டாங்கிகளை மீட்டலும் புதுக்கலும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

போர் முடிந்தபின் அதன் கருவிகளுள் சில உருக்கப்படுகின்றன. சில அருங்காட்சியகங்களை அடைகின்றன. சில மண்ணிலும் நீரிலும் புதைந்துபோகின்றன. இறுதி வகையைச் சார்ந்த டாங்கிகளை ஐரோப்பாவின் பல பகுதிகளில் ஆர்வலர்கள் தேடி மீட்டுவருகின்றனர். மீட்ட டாங்கியைப் பழுது நீக்கி ஓடவைப்பதா, கிடைத்த நிலையிலேயே காப்பதா என்பது பொறியியல் வினாவாகத் தோன்றினும் அடிப்படையில் அறவியல் வினாவேயாகும். இறந்தோர்க்கு இருப்போர் ஆற்றவேண்டிய கடன் யாது என்பதே அதன் உட்பொருள். மூன்று டாங்கிகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

களம் காணாத டாங்கி

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் டார்க்கிங் நகரையடுத்த திராட்சைத் தோட்டமொன்றில் 2017இல் ‘கவெனன்டர்’ வகை டாங்கி ஒன்று தோண்டியெடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இவ்வகையில் 1,700க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. எனினும் பொறியைக் குளிர்விக்கும் அமைப்பில் நேர்ந்த குறைபாட்டால் இவை பெரும்பாலும் பயிற்சிக்கே பயன்பட்டன. இன்று எஞ்சியுள்ளவை மிகச் சிலவே. இவ்வகை டாங்கியைப் புதுக்குவதற்கு அறவியல் நோக்கில் தடை ஏதும் இல்லை. போரில் எவரும் மாண்ட சுவடு அதன் உடலில் இல்லை. துருவை நீக்குவதால் அழியக்கூடிய சாட்சியமும் இல்லை. அதன் தோல்வியடைந்த பொறியமைப்பை மீண்டும் கண்முன் கொணர்வது அறிவுக்கு ஆக்கமே தரும்.

இரு வரலாறுகள் கொண்ட டாங்கி

எசுத்தோனியாவின் குர்த்னா மத்தாசுயார்வ் ஏரியிலிருந்து 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் டி-34 டாங்கி ஒன்று இழுத்தெடுக்கப்பட்டது. ஏரியடியின் கரிச்சேற்றில் காற்றுப் புகாது கிடந்தமையால் அது பெரிதும் துருப்பிடிக்கவில்லை. சோவியத்து நாட்டில் செய்யப்பட்ட அதன்மீது செருமானியச் சிலுவைக் குறி காணப்பட்டது. ஒரு தரப்பினர் செய்ததை மறுதரப்பினர் கைப்பற்றித் தமதாக்கிப் போரிட்டுள்ளனர் என்பது இதனால் அறியலாகிறது.

இதனைப் புதுக்க முனைவோர் எந்த வண்ணத்தைப் பூசுவது? பிறந்த நாட்டின் வண்ணத்தைப் பூசினால் கைப்பற்றிய வரலாறு மறையும். கைப்பற்றியோர் வண்ணத்தை மட்டும் காட்டினால் செய்தோர் உழைப்பு மறையும். புதுக்கல் என்பது பல காலங்களுள் ஒன்றைத் தேர்ந்து பிறவற்றைத் துடைப்பதாகும் என்னும் உண்மை இங்கே தெளிவாகிறது. தேர்வு இருக்குமிடத்தில் பொறுப்பும் உண்டு.

காயம் தாங்கிய டாங்கி

மூன்றாவது, பிரான்சின் ஃப்ளெசுக்கியேர் என்னும் சிற்றூரில் 1998 நவம்பரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ‘டெபோரா’. டி51 என்னும் எண்கொண்ட இந்தப் பிரித்தானிய ‘மார்க் 4’ டாங்கி, 1917 நவம்பர் 20 அன்று காம்பிரேப் போரில் பிராங்க் ஹீப் என்னும் இளம் அதிகாரியின் தலைமையில் ஊருக்குள் நுழைந்தது. அங்கே பீரங்கிக் குண்டுகளால் தாக்குண்டது. குழுவினருள் ஐவர் மாண்டனர்; ஹீப் உயிர்பிழைத்தார். பின்னர்க் குழியொன்றில் தள்ளப்பட்டு டாங்கி மறைந்தது. சிறுமியாயிருந்தபோது அதனைக் கண்ட முதியவர் ஒருவரின் நினைவே, பிலிப் கோர்சின்சுகி என்பவரை ஆண்டுக்கணக்கான தேடலில் ஈடுபடுத்தியது.

அதனை மீட்டோர் பிளந்த இரும்பை ஒட்டவில்லை. வண்ணம் பூசி மறைக்கவுமில்லை. குண்டு துளைத்த பிளவோடு அது இன்றும் நிற்கிறது. 2017இல் திறக்கப்பட்ட அதன் அருங்காட்சியகத்திற்கு அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் மாண்ட ஐவரும் துயில்கின்றனர். டாங்கியின் எண் உறுதிப்பட்ட பின்னரே, அந்தக் கல்லறைகளுக்கும் இந்த இரும்புக்கும் உள்ள தொடர்பு விளங்கிற்று. அகழ்ந்தது இரும்பை, கிடைத்ததோ ஐந்து மனிதர் இறந்த வரலாறு. பிளவை அடைத்திருந்தால் அவ்வரலாற்றின் முதன்மைச் சான்றை நம் கையாலேயே அழித்திருப்போம்.

பதிப்பு நெறியோடு ஓர் ஒப்புமை

சுவடிப் பதிப்பில் பழகிய தமிழாய்வாளர்க்கு இந்நெறி புதிதன்று. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், தம் புலமையால் அவ்விடங்களை நிரப்பிவிடவில்லை. இழப்பை இழப்பாகவே காட்டினார். ஓசை நிரம்பிய பொய்யடியைவிடப் புள்ளியிட்ட வெற்றிடம் மூலத்திற்கு உண்மையானது. ஏட்டுக்குப் பொருந்தும் இவ்வறம் இரும்புக்கும் பொருந்தும்.

மறுப்பும் விடையும்

‘ஓடாத டாங்கி வெறும் இரும்புக்கூடு; ஓடினால்தான் அதனுள் இருந்தோர் பட்ட துன்பம் விளங்கும்’ என்பர் சிலர். இக்கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. மார்க் 4 டாங்கியில் வீரர்க்கும் பொறிக்கும் இடையே தடுப்பில்லை. வெம்மையும் புகையும் இரைச்சலும் அவர்களைச் சூழ்ந்திருந்தன. அசையாப் பொருளைக் கண்டு இதனை உணர்தல் அரிது. ஆனால் அதற்கு மூலத்தையே மாற்றவேண்டும் என்பதில்லை. 2017இல் இங்கிலாந்தில் ‘டெபோரா 2’ என்னும் ஓடக்கூடிய படி ஒன்று புதிதாகச் செய்யப்பட்டது. இயக்கத்தைப் படி காட்டட்டும். காயத்தை மூலம் காட்டட்டும். இரு கடமைகளும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிறைவேறும் வழி இதுவே.

‘மண்ணிலேயே விட்டுவிடுதல் மதிப்பாகாதா?’ என்பது மற்றொரு வினா. மனித எச்சம் உள்ளே இருக்குமெனின் அகழ்வின் முதல் நோக்கம் அவ்வெச்சத்திற்கு உரிய அடக்கமாகவே இருத்தல் வேண்டும், டாங்கி அதன்பின்னரே. பொருளை விற்கும் நோக்கில் எச்சத்தைச் சிதைப்பது கல்லறைக் கொள்ளையே.

முடிவுரை

மேற்கண்டவற்றால், புதுக்கல் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று என்பது பெறப்படுகிறது. அழிவைத் தடுக்கும் பணி எல்லா நிலையிலும் கடமையாகும். அதனினும் மேற்சென்று உருவை மாற்றுமுன், ‘இம்மாற்றத்தால் யாருடைய சாவின் சான்று மறையும்?’ என வினவுதல் வேண்டும். எவருடையதும் மறையாதெனில் டாங்கியை ஓடவிடலாம். ஒருவருடையதேனும் மறையுமெனில் துருவை மட்டும் தடுத்து, பிளவைப் பிளவாகவே விட்டுவைத்தல் தகும். இறந்தோர் தம் சாட்சியத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. அதனைக் காக்கும் கடன் மீட்டவர் கையில் இருக்கிறது.