மன்னிப்பும் மறதியும் ஒன்றல்ல



சக்கேயு மரத்தில் ஏறியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இறங்கிய பின் அவன் செய்ததை எத்தனை பேர் சொல்கிறோம்? ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டான். அதன் பிறகே அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார்.

ஆர்ஜன்டீனாவிலுள்ள பரிலோச்சே என்னும் ஊரில் எரிக் பிரீப்கே என்ற ஜெர்மானியர் பல்லாண்டு வாழ்ந்தார். கடை நடத்தினார், ஊரில் மதிப்போடிருந்தார். 1944 மார்ச் 24-ல் உரோமையின் ஆர்டியாட்டின் குகைகளில் 335 பேரைக் கொன்ற நாசி அதிகாரிகளுள் அவரும் ஒருவர் என்பதை 1994-ல் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் உலகறியச் செய்தார். நல்ல அயலவராயிற்றே என்று ஊரில் பலர் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். ஆயினும் 1995-ல் இத்தாலியிடம் கையளிக்கப்பட்டார். 1998-ல் ஆயுள் தண்டனை உறுதியாயிற்று. மனம் வருந்தாமலே 2013-ல் நூறாவது வயதில் இறந்தார். உரோமை மறைமாவட்டம் தன் கோவில்களில் அவருக்கு அடக்கச் சடங்கு நடத்த இடந்தரவில்லை.

இது தூர தேசத்துக் கதையா? 1977-லும், 1981 ஆகஸ்டிலும், 1983 ஜூலையிலும் நம் சப்பிரகமுவைத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளில் உடுத்த துணியோடு காட்டுக்குள் ஓடியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் பலர் திரும்பவேயில்லை. 1977 கலவரத்தை விசாரித்த சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை 1980-ல் வந்தது. தீ வைத்தவர்களில் எத்தனையோ பேர் நீதிமன்றப் படி ஏறாமலே, அயலவர்களாகவே முதுமையடைந்தார்கள்.

அப்படிப்பட்டவரைக் கடைத்தெருவில் காணும் கிறிஸ்தவன் என்ன செய்வது? பழிவாங்குவதும் பாவம், நடக்காததுபோல் நடிப்பதும் உண்மைக்கு விரோதம். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு மனஸ்தாபம் வேண்டும், செய்த அநியாயத்துக்குப் பரிகாரமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்தோம். கேட்காதவனையும் நாம் மன்னிக்கலாம். ஆனால் அவன் செலுத்தவேண்டிய கடனை நம் மன்னிப்பு ரத்துச் செய்யாது.

ஆகவே பெற்றோரே, நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அன்று தம் வீட்டில் நம்மவரை ஒளித்துக் காத்த சிங்கள அயலாரையும் சேர்த்தே சொல்லுங்கள். தீ வைத்தவனின் பேரப்பிள்ளை மேல் அந்தப் பழியைச் சுமத்தாதிருங்கள். இன்றிரவு குடும்பச் செபமாலையில் நாம் இழந்தவர்களின் பெயர்களைச் சொல்லி மன்றாடுங்கள். தீ வைத்தவன் உண்மையை ஒப்புக்கொள்ளும் வரம் பெறும்படி, அவனுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.