பூட்டன் கட்டிய வீடு

"பூட்டன் கட்டிய வீட்டில் கடப்பாரை வைக்கலாமா?" பழைய வீட்டைப் புதுப்பிக்க முனையும் இல்லந்தோறும் எழும் குரல் இது. நம் இல்லத்திலும் எழுந்தது. குடும்பம் பெருகியது, அறைகள் பெருகவில்லை. மழை வந்தால் கூடத்தில் பாத்திரங்கள் வரிசை கட்டி நின்றன. ஆயினும் கடப்பாரை என்றதும் முதியோர் கண் கலங்கினர். அந்தக் கண்ணீரை எள்ளி நகையாடுவது பகுத்தறிவன்று. முன்னோரின் உழைப்புக்கு நாம் பட்ட கடன் எது? அதைத்தான் ஆராய வேண்டியிருந்தது.

தேக்குத் தூண்கள், கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரை, கோடையிலும் குளிர்ந்து நிற்கும் தடித்த சுவர்கள், ஒளியை வீட்டின் நடுவுக்கே அழைத்து வந்த முற்றம். வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலெழ, வாயிலிலிருந்து தண்காற்று உள்ளே வரும். வெயிலைக் கண்டு, காற்றை அறிந்து கட்டியிருக்கிறார்கள்! இவற்றை நாம் தொடவில்லை. சுண்ணாம்புச் சுவர்மீது சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் கெடும். ஆகவே விரிசலைச் சுண்ணாம்பு கொண்டே அடைத்தோம்.

ஆனால் பின்கட்டு? கொல்லைத் தாழ்வாரத்தின் கோடியில் சன்னலற்ற ஒரு சிற்றறை: 'தூரம்' என்று சொல்லி, மாதம் மூன்று நாள் பெண்களை ஒதுக்கி வைத்த இடம். அதற்கப்பால் சந்துப் பக்கம் ஒரு குறுங்கதவு: மனிதன் மலத்தை மனிதன் சுமந்து செல்ல விடப்பட்ட வழி. அவ்வழி வந்தவர் நம் முன்வாயிலை மிதித்ததில்லை. அந்த இழிவைத் தடுக்கச் சட்டம் 1993-இல் வந்தது, 2013-இல் விரிவடைந்தது. கதவு மட்டும் துருப்பிடித்த தாழ்ப்பாளோடு அப்படியே இருந்தது. தூணை நட்ட அதே பூட்டன்தான் இதையும் வைத்தார். தூணுக்காக அவரை வணங்குவோர், கதவுக்கு யாரைப் பொறுப்பாக்குவர்?

இடையே வாஸ்து வல்லவர் ஒருவர் எழுந்தருளினார். அடுக்களையை அக்கினி மூலைக்கு மாற்றினால் செல்வம் கொழிக்குமாம்! தாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் அடுக்களை எந்த மூலை என்று கேட்டோம். நேரமாகிவிட்டதென்று எழுந்துவிட்டார்.

குறுங்கதவைப் பெயர்த்தோம். சிற்றறையில் கடப்பாரை விழும் வேளையில் பாட்டி தடுத்தார்: "அதை இடிக்காதப்பா. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் வேலையில்லாமல் படுத்தது அங்கேதான்."

நாம் வாயடைத்து நின்றோம். அந்த அறையின் கொடுமையைப் பற்றி மேடையில் எத்தனை முறை முழங்கியிருப்போம்! சிறையே ஓய்விடமாகத் தோன்றியதென்றால், ஏனைய இருபத்தேழு நாட்கள் எப்படிக் கழிந்தன? அதை ஒருமுறையேனும் கேட்டோமா? சுவரை மட்டும் இடித்தால் இழிவு போகும், ஓய்வும் சேர்ந்தே போகும். ஆகவே, ஆண்மக்களுக்கென மாடியில் இரண்டு அறை என்றிருந்த திட்டத்தை மாற்றினோம். முற்றத்தை ஒட்டிப் பாட்டிக்கு ஓர் அறை, உட்புறம் தாழ்ப்பாளுடன். அடுக்களையில் மூவர் நின்று வேலை செய்ய இடம். மூவரில் இருவர் ஆண்கள். (சோறு வடிக்கப் பழகுகிறோம், கஞ்சியோடு சில நாள் சோறும் போகிறது.)

அப்போதுதான் தமக்கையின் நினைவு வந்தது. மணமாகிச் சென்றவளுக்கு இங்கே என்ன என்றனர் உறவினர். விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம் என்றனர். சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. கலைஞர் ஆட்சியில் 1989-இல் அது தமிழகத்தில் சட்டமாயிற்று. 2005-இல் மத்திய அரசும் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் தீர்மானத்தைப் பேசிப் பேசி வளர்ந்த நாமோ, வரைபடம் முடியும்வரை அவளை அழைக்கவில்லை!

அழைத்தோம். பத்திரம் ஏதும் நீட்டவில்லை, வரைபடத்தை விரித்தோம். நெடுநேரம் பார்த்தவள், "இதில் என் அறை எது?" என்றாள். பென்சிலை அவளிடம் கொடுத்தோம். மாடியில், தெருவைப் பார்த்த பக்கம், முதலில் சன்னலைத்தான் வரைந்தாள்.