உதவியும் பழியும்

உதவி செய்தல் நல்லறம் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், செய்த உதவியே கேட்டிற்கு வித்தாயின் அப்பழி யாரைச் சாரும்? ஈந்தவரையா, ஏற்றவரையா? நியூசிலாந்து நாட்டு மலைச்சாரல்களில் நிகழ்ந்ததைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

அந்நாட்டின் வடதீவிலே கிழக்குக் கரையையொட்டிய குன்றுகள் எளிதில் நெகிழும் மண்ணும் பாறையும் கொண்டவை. குடியேறிய மக்கள் அங்கிருந்த காட்டை வெட்டியும் எரித்தும் புல் விதைத்து ஆடுமாடு மேய்த்தனர். வேர் போயிற்று, மண்ணின் பிடிப்பும் போயிற்று. இத்தீங்கினைக் கண்டே 1941ஆம் ஆண்டில் மண்காப்புச் சட்டம் பிறந்தது. ஆனால் 1978இல் அதே அரசாங்கம் இறைச்சிக்கும் கம்பளிக்கும் குறைந்தபட்ச விலையை உறுதி செய்தது. புதர் நிலத்தை மேய்ச்சல் நிலமாக்குவோர்க்குச் சலுகைக் கடனும் வழங்கிற்று. 1982இல் ஆடுகள் 7 கோடியாயின. மக்களோ சுமார் 32 இலட்சமே! ஒரு கை மண்ணைக் காக்கப் பொருள் கொடுத்தது. மறு கை அம்மண்ணின் போர்வையை உரிக்கப் பொருள் கொடுத்தது. 1984இல் அவ்வுதவியை நிறுத்தத் தலைப்பட்டனர்.

1988 மார்ச்சில் போலா என்னும் புயல் வந்தது. முதிர்ந்த மரங்கள் நின்ற சரிவுகளினும் புல் மட்டுமே இருந்த சரிவுகள் பன்மடங்கு மிகுதியாக இடிந்தன. மேட்டு நிலத்திலே உதவி பெற்றவர் சிலர். பள்ளத்திலே சேற்றில் பயிரிழந்தவர் வேறு சிலர். 1992இல் மரம் நடுவதற்கு உதவி பிறந்தது. பைன் மரங்கள் மண்ணைப் பிடித்தன. ஆனால் வளர்ந்தவை விற்பனைக்கு வெட்டப்பட்டபோது கழிவுக் கட்டைகள் சரிவிலேயே கிடந்தன. 2023இல் கேப்ரியல் புயல் அவற்றை ஆறுகளிலும் வயல்களிலும் கடற்கரையிலும் கொண்டுபோய்க் குவித்தது. ஆகவே, புல்லுக்கு உதவுதல் தவறு, மரத்துக்கு உதவுதல் சரி என்று தீர்ப்புரைத்து நாம் அமைதி கொள்ள இயலாது.

“கடன்பட்ட குடியானவன், அரசாங்கம் நீட்டும் பணத்தை வேண்டாமென்பானா?” என்று சிலர் வினவலாம். நியாயமே. அதனாலன்றோ பெரும்பழி ஈந்தவரைச் சார்கின்றது! அவர்கள் ஆட்டின் தலையை எண்ணினர். மலையடியில் வாழும் மனிதனின் தலையை எண்ணினாரில்லை. எனினும் ஏற்றவனும் முற்றும் குற்றமற்றவனல்லன். எந்தச் சரிவு தாங்கும், எது தாங்காது என்பதை அலுவலகத்தில் அமர்ந்திருப்பவனைவிட அவனே நன்கறிவான். அறிந்தும் வாய்மூடியிருத்தல் அறமன்று.

பள்ளத்து ஊர் பிழைப்பதற்காக மலைமேல் உள்ளவன் தன் சரிவொன்றை மேயவிடாது காப்பானாயின், அவன் பெறுவது பிச்சையன்று. செய்த வேலைக்குக் கூலி. அக்கூலியைக் கொடுப்பது கீழே வாழ்வோர் கடமை. காவலை விடாதிருப்பது அவன் கடமை. கொடுப்போரும் கொள்வோரும் தம் இருவரை மட்டுமே எண்ணிச் செய்யும் உதவி வாணிபமேயாகும். அவ்விடத்தில் இல்லாத மூன்றாமவனையும் எண்ணிச் செய்வதே அறம்.